வாங்கிய துப்பாக்கியும் வார்த்த பீரங்கியும்: திப்பு சுல்தான் வாழ்வு சொல்லும் பாடம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அமைத்த குகைக்கோயில் ஒன்றைக் காணலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் அது அமைக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு பெருமையோடு கூறுகிறது.

சென்ற விடுமுறையில் எங்கள் மக்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வழியாகச் செஞ்சிக்குப் போனோம். கீழ்க்கோட்டையில் ஆற்காடு நவாப் சஆதத்துல்லாஹ் கான் பெயரிலுள்ள பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு ராஜகிரி மலை ஏறினோம். உச்சியில் ஒரு பழைய பீரங்கி கிடக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒரு பையன், இதை நம் ஊர்க்காரர்கள் செய்தார்களா, வெளிநாட்டிலிருந்து வாங்கினார்களா என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நம் நாட்டின் பாதுகாப்பு அமைச்சகம் இன்றுவரை பதில் தேடிக்கொண்டிருக்கும் கேள்வியும் அதுதான். ஆயுதத்தை வெளியில் வாங்குவதா, உள்நாட்டில் செய்வதா, இரண்டையும் எந்த அளவில் கலப்பது? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடியவர் ஒருவர் நம் வரலாற்றில் உண்டு. அவர் ஷஹீத் திப்பு சுல்தான். மேடைகளில் அவருடைய வீரத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இந்தக் கட்டுரையில் அவருடைய பட்டறைகளைப் பற்றிப் பேசுவோம்.

செஞ்சியில் தொடங்கிய கதை

திப்புவின் பாட்டனார் ஃபத்ஹ் முஹம்மது ஆற்காடு நவாபின் படையில் வாணப் பிரிவு ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர். அக்காலத்து வாணம் மூங்கில் குழாயில் மருந்து அடைத்தது. எதிரியைக் கொல்வதைவிடச் சைகை காட்டவும் குதிரைகளை மிரட்டவும்தான் அது அதிகம் பயன்பட்டது. அவருடைய மகன் ஹைதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒருமுறை கண்டதையும் கேட்டதையும் மறக்காதவர்.

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நிஜாம் நாசிர் ஜங்கின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரர்களின் சிறுபடை தாக்கியது. அந்தக் குழப்பத்தில் நாசிர் ஜங் தன் பக்கத்து நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார். நிஜாமுக்கு உதவ வந்திருந்த மைசூர்ப் படையில் அப்போது ஹைதரும் இருந்தார். சிதறிய பாசறையிலிருந்து பொற்காசுகளும் குதிரைகளும் துப்பாக்கிகளும் அவர் கைக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவற்றைவிடப் பெரிதாக ஒன்றை அவர் அங்கிருந்து எடுத்துச் சென்றார். பயிற்சி பெற்ற சில நூறு பேர் நல்ல துப்பாக்கியும் ஒழுங்கும் இருந்தால் பல்லாயிரம் பேரைச் சிதறடிக்க முடியும் என்ற பாடம் அது.

அதே ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி தேவனஹள்ளியில் அவருக்கு மகன் பிறந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். தாயார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். தனக்குக் கிட்டாத கல்வியை ஹைதர் மகனுக்குக் குறைவின்றிக் கொடுத்தார். குர்ஆன், ஃபிக்ஹு, பார்ஸி, உருது, கன்னடம் இவற்றோடு குதிரையேற்றமும் துப்பாக்கிப் பயிற்சியும் நடந்தன. பதினேழு வயதிலேயே முதல் மைசூர்ப் போரில் படை நடத்திச் சென்னைப் பட்டணத்தின் வாசல்வரை வந்துபோனார் திப்பு.

மாஹே: பிறர் கையில் இருந்த கதவு

1761-ல் மைசூரின் ஆட்சி ஹைதர் அலியின் கைக்கு வந்தது. அவருக்குத் தேவையான நல்ல துப்பாக்கிகளும் வெடிமருந்துப் பொருட்களும் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் மூலமே வந்தன. அவை வந்து இறங்கிய முக்கியத் துறைமுகம் மலபார்க் கரையில் உள்ள மாஹே. இன்று புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் இருக்கும் அதே சின்ன ஊர்தான்.

ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் மூண்டது. 1779 மார்ச்சில் ஆங்கிலக் கம்பெனி மாஹேயைப் பிடித்துக்கொண்டது. மாஹே என் பாதுகாப்பில் உள்ளது, அதைத் தொடாதீர்கள் என்று ஹைதர் முன்பே எச்சரித்தும் பயனில்லை. எங்கோ இரு நாடுகளுக்குள் நடந்த சண்டையில் மைசூருக்கு ஆயுதம் வரும் கதவு ஒரே நாளில் மூடப்பட்டது. இரண்டாம் மைசூர்ப் போருக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது.

1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை செங்கம் கணவாய் வழியாகத் தமிழகத்துக்குள் இறங்கியது. செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படையைத் தந்தையும் மகனும் சுற்றி வளைத்தார்கள். மண்டகப்பட்டுக் குகையைக் குடைந்த மகேந்திரவர்மன் பல நூற்றாண்டுகளுக்கு முன் போரிட்டதாகச் செப்பேடு கூறும் அதே புள்ளலூர்தான் இது. சண்டையின் நடுவே ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மைசூரின் வாணங்கள் பட்டதே காரணம் என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தக் காட்சியை இன்றும் ஓவியமாகப் பார்க்கலாம். பெய்லி சிறைப்பட்டார். உதவிக்கு வரவேண்டிய மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்த ஆண்டிலேயே ஆற்காடும் செஞ்சியும் ஹைதரின் கைக்கு வந்தன.

அந்த வாணம் வெளிநாட்டுச் சரக்கு அல்ல. பாட்டனார் காலத்து மூங்கில் குழாயை எடுத்துவிட்டு, மைசூர்க் கொல்லர்கள் அடித்த இரும்புக் குழாயை வைத்தார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும். அதனால் மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது. குழாயை நீண்ட மூங்கிலிலோ வாளிலோ கட்டி ஏவினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் விழுந்தது. இவ்வளவு தூரம் போகும் ராக்கெட் அப்போது ஐரோப்பியப் படைகளிடம் இல்லை. வாங்கிய துப்பாக்கி எதிரியிடமும் இருந்தது. உள்ளூரில் செய்த வாணம் மைசூரிடம் மட்டுமே இருந்தது.

மங்களூரில் தனித்து நின்ற சுல்தான்

1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகே ஹைதர் அலி வஃபாத்தானார். மலபாரில் போர்முனையில் இருந்த திப்பு விரைந்து வந்து பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அடுத்த ஆண்டு மங்களூர்க் கோட்டையை அவர் முற்றுகையிட்டார். அவருடன் பிரெஞ்சு வீரர்களும் முற்றுகை நுணுக்கம் அறிந்தவர்களும் இருந்தார்கள். கோட்டை விழும் நிலையில் இருந்தபோது ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்ட செய்தி கப்பலில் வந்து சேர்ந்தது. உடனே பிரெஞ்சுக்காரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சுல்தான் எவ்வளவு கேட்டும் அவர்கள் மறுபடி போரில் இறங்கவில்லை. முற்றுகையை அவர் தனியாக நடத்தி முடித்தார். 1784 மார்ச் 11-ல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தானது. கம்பெனி சமமாக உட்கார்ந்து ஓர் இந்திய அரசரோடு செய்த உடன்படிக்கை என்று அதைச் சொல்வார்கள்.

நான்கே ஆண்டுகளில் திப்பு இரண்டு முறை ஒரே பாடத்தைப் படித்தார். மாஹேயில் ஆயுதம் வரும் வழி அடைபட்டது. மங்களூரில் ஆயுதம் பிடித்த கையே விலகிப் போனது. இரண்டையும் முடிவு செய்தவர்கள் அவருக்கு முகம் தெரியாத யாரோ.

தாராமண்டல்

அதன்பிறகு அவர் எடுத்த முடிவில்தான் திப்புவின் தனித்தன்மை இருக்கிறது. ஐரோப்பியர் பொருளே வேண்டாம் என்று அவர் கதவை மூடிவிடவில்லை. பொருளுக்குப் பதில் ஆளைக் கேட்டார்.

பிரான்சுக்கு அவர் அனுப்பிய தூதுக்குழு 1787-ல் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறியது. முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முஹம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரையும் மன்னர் பதினாறாம் லூயி 1788 ஆகஸ்டில் வெர்சாயில் வரவேற்றார். சுல்தான் கேட்டது படை உதவி மட்டுமல்ல. துப்பாக்கி செய்பவர், பீரங்கி வார்ப்பவர், கடிகாரம் செய்பவர், கண்ணாடி, பீங்கான் வேலை தெரிந்தவர் என்று கைத்தொழிலாளர்களைக் கேட்டார். படை உதவிக்கு மன்னர் இசையவில்லை. தொழிலாளர்கள் சிலர் வந்தார்கள். சுல்தான் உஸ்மானிய கலீஃபா அப்துல் ஹமீதிடம் அனுப்பிய பெரிய தூதுக்குழுவும் இதே கோரிக்கையைக் கொண்டுபோனது. அக்குழுவில் பெரும்பாலோர் கப்பல் சேதத்திலும் நோயிலும் மாண்டுபோனார்கள். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கனக்கிறது.

வந்த தொழிலாளர்களை உள்ளூர்க் கொல்லர்களோடு சேர்த்து உட்கார வைத்தார் சுல்தான். ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்ரதுர்கா, பெத்னூர் ஆகிய இடங்களில் பட்டறைகள் எழுந்தன. அந்த வட்டாரங்களுக்குத் தாராமண்டல் பேட்டை என்று பெயர். துப்பாக்கியும் பீரங்கியும் அங்கே செய்தார்கள். காகிதமும் கடிகாரமும் கத்தரிக்கோலும்கூட அங்கே உருவாயின. அங்கே செய்த துப்பாக்கிகள் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புலிவரி முத்திரை, செய்த ஊர், செய்தவரின் பெயர், சுல்தான் தாமே வகுத்த நாட்காட்டியின்படி ஆண்டு ஆகியவை அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். அரசன் பெயரோடு கொல்லன் பெயரும் நிலைத்துவிட்டது.

படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் வாணம் ஏவுவோர் தனியாக அமர்த்தப்பட்டார்கள். அதை எப்படி ஏவுவது என்பதெல்லாம் ஃபத்ஹுல் முஜாஹிதீன் என்ற படைக் கையேட்டில் எழுதி வைக்கப்பட்டது. தந்தை காலத்தில் 1,200 ஆக இருந்த வாணப்படையினர் திப்பு காலத்தில் 5,000 வரை உயர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. இதற்கெல்லாம் பணம் வேண்டுமே? சந்தனம், மிளகு, ஏலம் ஆகியவற்றின் வணிகத்தை அரசே நடத்தியது. மஸ்கட்டில் பண்டகசாலை இருந்தது. கடல் வழியைப் பிறரிடம் விட்டதன் விலையை உணர்ந்து, பின்னாளில் 40 பெரிய கப்பல்கள் கட்டவும் உத்தரவிட்டார். அது முழுமையாக நிறைவேற அவகாசம் கிடைக்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். 1800-ல் மைசூரைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், பீரங்கி துளைக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுதுகிறார். அதைத் தண்ணீரால் ஓடும்படி ஒரு பிரெஞ்சுக்காரர் அமைத்திருந்தாராம். சுல்தான் நீர்ச்சக்கரத்தைக் கழற்றச் சொல்லி மாடுகளைப் பூட்டினாராம். எழுதியவர் கம்பெனியின் ஆள் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் புதிய கருவி வந்துவிட்டதாலேயே அதன் பின்னால் இருக்கும் அறிவும் வந்துவிடாது என்பது உண்மைதானே. குடகிலும் மலபாரிலும் அவருடைய படை நடவடிக்கைகள் கடுமையாக இருந்தன. அந்த வேதனையை அப்பகுதி மக்கள் இன்றும் பேசுகிறார்கள். 1791-ல் மராட்டியக் குதிரைப்படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்கு நிதி தந்து மீண்டும் எழச் செய்தவரும் அவரே. இரண்டும் வரலாறு.

விளம்பரமாகிப் போன ரகசியம்

மூன்றாம் மைசூர்ப் போரில் கம்பெனியும் மராட்டியரும் நிஜாமும் ஒன்று சேர்ந்தார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நாட்டில் பாதி போயிற்று. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம். அது தீரும்வரை சுல்தானின் பிள்ளைகள் இருவர் பிணை. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பகுதிகளும் திண்டுக்கல்லும் மலபாரும் கைவிட்டுப் போயின. சேலத்து இரும்பு பேர்போனது. மண்ணோடு இரும்பும் போயிற்று.

அபராதத்தைக் கட்டி 1794-ல் பிள்ளைகளை மீட்டார். பட்டறைகள் ஓய்வின்றி ஓடின. ஆனால் நெஞ்சில் ஓர் ஓரத்தில் பிரெஞ்சு உதவி வரும் என்ற நம்பிக்கை மிச்சம் இருந்தது. அந்த நம்பிக்கையே வினையாயிற்று. 1797-ல் மொரீசியஸ் தீவுக்கு ரகசியமாகத் தூதர்களை அனுப்பினார். அந்தத் தீவின் பிரெஞ்சு ஆளுநர் மலார்ட்டிக் 1798 ஜனவரி இறுதியில் திப்புவுக்கு ஆள் தேவை என்று ஊரறிய அறிவிப்பு ஒட்டிவிட்டார்! ஆயிரக்கணக்கில் எதிர்பார்த்த இடத்தில் வந்து இறங்கியது ஏறத்தாழ 100 பேர். அறிவிப்பின் நகலோ கல்கத்தாவில் புதிதாக வந்திருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. போருக்கு அவர் தேடிக்கொண்டிருந்த சாக்கு கிடைத்துவிட்டது. எகிப்தில் இறங்கிய நெப்போலியன் எழுதிய கடிதம் சுல்தானை வந்து சேரவே இல்லை. வழியிலேயே ஆங்கிலேயர் கைப்பற்றிவிட்டார்கள்.

1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மே 2-ஆம் தேதி கோட்டைக்குள் இருந்த வாணக் கிடங்கில் குண்டு விழுந்து பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. மே 4 நண்பகலுக்குப் பிறகு உடைந்த மதில் வழியே எதிரிகள் நுழைந்தார்கள். மீர் சாதிக்கின் துரோகத்தை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். தப்பிப் போக வழியிருந்தும் போகாமல், வாயிலருகே சாதாரண வீரனைப் போல நின்று போரிட்டு சுல்தான் ஷஹீதானார். வயது நாற்பத்தெட்டு. மறுநாள் தந்தையின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பின்பு கம்பெனிக்காரர்கள் ஆயுதச்சாலைகளை எண்ணிப் பார்த்தார்கள். 929 பீரங்கிகள், 99,000 அளவில் துப்பாக்கிகள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் இருந்தன. ஏவத் தயாராக 700 வாணங்களும், மருந்து அடைக்க வேண்டிய 9,000 வெற்றுக் குழாய்களும் கிடைத்தன. ஆயுதப் பஞ்சத்தால் ஸ்ரீரங்கப்பட்டணம் விழவில்லை. அண்டை அரசுகள் பகையாகி நின்றன, தூரத்து நண்பர்கள் பயன்படவில்லை, உள்ளே நம்பியவர்கள் விலைபோனார்கள். பட்டறையால் சரிசெய்ய முடியாத குறைகள் இவை.

மைசூர் வாணங்கள் இங்கிலாந்தின் வூல்விச்சுக்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஆராய்ந்து வில்லியம் காங்கிரீவ் புதிய ராக்கெட் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அதனால் எரிந்தது. நம் கொல்லர்களின் அறிவை அவர்கள் இறக்குமதி செய்துகொண்டார்கள்! ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பயிற்சிக்காக அமெரிக்கா போன ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர், அங்குள்ள ராக்கெட் மையத்தின் வரவேற்பறையில் திப்புவின் படை வாணம் ஏவும் ஓவியத்தைக் கண்டு வியந்தார். அவர்தான் அப்துல் கலாம். 1983-ல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார். 2018-ல் ஷிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், அதாவது அந்தப் பழைய பெத்னூரில், வறண்ட கிணறு ஒன்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட திப்பு கால வாணங்கள் துருப்பிடித்த நிலையில் வெளியே வந்தன.

நமக்கு என்ன பாடம்?

அன்பான வாசகர்களே! இந்தியா பல ஆண்டுகளாக உலகில் அதிகம் ஆயுதம் இறக்குமதி செய்யும் நாடுகளின் வரிசையில் முன்னால் நிற்கிறது. 1965 போரின்போது அமெரிக்கா ஆயுதம் தருவதை நிறுத்தியது நமக்கு ஒரு மாஹே. அண்மைக் காலத்தில் உள்நாட்டு உற்பத்தி உயர்ந்திருக்கிறது. 2023-24-ல் அது ஏறத்தாழ 1.27 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஊர்களை இணைத்துத் தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் அமைந்திருக்கிறது. ஆனாலும் ஆவடியில் செய்யும் அர்ஜுன் டாங்கிக்கு இன்ஜின் ஜெர்மனியிலிருந்து வந்தது. தேஜஸ் போர் விமானத்தின் புதிய வகைக்கு 2021-ல் அமெரிக்காவில் 99 இன்ஜின்கள் கேட்டோம். அதில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் உடல் நம்முடையது, இதயம் இன்னும் பிறருடையது.

இதற்கு மார்க்கத்தில் முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி ஐந்தாம் ஆண்டு மதீனாவைக் காக்க அகழ் வெட்டும் யோசனையைச் சொன்னவர் பாரசீகத்தைச் சேர்ந்த சல்மான் (ரலி). அறிவு வெளியிலிருந்து வந்தது. வெட்டியவை மதீனாவாசிகளின் கைகள். நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தார்கள். ஹுனைன் போருக்கு முன் கவசங்கள் குறைவாக இருந்தபோது, அதுவரை இஸ்லாத்தை ஏற்காத ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம், திருப்பித் தரும் பொறுப்போடு இரவல் பெற்றார்கள். ஆக, தேவைக்கு வெளியில் பெறுவது குற்றமில்லை. அது நிபந்தனை தெளிவாக இருக்கும் ஏற்பாடாக வேண்டும். நம் உயிர்நாடி பிறர் கையில் போய்விடக் கூடாது. அன்ஃபால் அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் பலத்தைத் திரட்டி வைக்கச் சொல்கிறது. அடுத்த வசனம் எதிரி சமாதானத்துக்குச் சாய்ந்தால் நாமும் சாயச் சொல்கிறது. ஆயுதம் அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

செஞ்சி மலையில் கேட்ட பையனுக்கு நான் அன்று சுருக்கமாகத்தான் பதில் சொன்னேன். அவன் பத்தாம் வகுப்பு முடித்ததும் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து லேத் வேலை கற்க ஆசைப்படுகிறான். வீட்டில் அவனை எப்படியாவது வளைகுடாவுக்கு அனுப்பிவிடத் துடிக்கிறார்கள். கையால் இரும்பைச் செதுக்கும் தொழிலைச் சிறுமையாக நினைக்காதீர்கள். தாராமண்டல் கொல்லர்களின் பெயரைத் துப்பாக்கி மீது பொறிக்க வைத்த ஒரு சுல்தானின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், நம் பிள்ளைகளின் கைத்தொழிலுக்கு அந்த மரியாதையையாவது கொடுப்போம்.

அல்லாஹ் ஷஹீத் திப்பு சுல்தானின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய மண்ணறையை ஒளியாக்குவானாக. நம் நாட்டை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.